பழைய பதிப்பில் ஒருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் இருமல் நின்றதா? காற்றுக்காகக் கட்டிலின் தலைமாட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டதாகப் போன மாதம் எழுதியிருந்தாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

அலுவலகத்தில் வேலை அதிகம். வீட்டு வரைபடம் போடும் எங்கள் மென்பொருளைப் புதிய கணினிகளுக்காக மாற்றி எழுதுகிறோம். அப்பா கடைசிவரை வரைந்தது அதில்தான். இயங்குதளத்தின் எந்தெந்தப் பதிப்புகளில் அது ஓட வேண்டும் என்று இருபதாம் தேதி முடிவாகும். விட்டுவிட்ட பதிப்புகளின் தொடர்பு அன்றே அறுந்துபோகும்.

மிகப் பழைய பதிப்பில் ஒரே ஒரு கணினி இருக்கிறது. தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு எங்கள் மென்பொருளைத் திறக்கிறது. "ஒருத்தருக்காகப் பழசைக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றார் மேலாளர். எங்கள் பிழைகளைத் தேடிப் பிடிக்கும் பெண், நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுகிறவள், "அவரு நம்மள விட ஒழுங்கா வர்றாரு சார், பேசாம அவரையே வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அந்தக் கணினியின் பெயரைப் பார்த்தேன்.

வாலு.

அப்பாவின் கணினிக்கு உன் செல்லப்பெயரை வைத்தது நான். வைக்கச் சொன்னது அவர். நீ வீட்டை விட்டுப் போன பிறகும் மாற்றவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இருந்த நம் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்த மாதம் நான் பூட்டிய பூட்டு அப்படியே இருந்தது. மின்சாரம் அப்போதே துண்டிக்கப்பட்டது. கணினியின் மேல் நான் போர்த்திய துணி. மேசைத் தூசியில் என் விரல் தடம் மட்டும்.

மென்பொருள் பாதியில் நின்றுபோனால், திறந்திருந்த வரைபடம் எங்களுக்கு வந்துவிடும். வாலுவிடமிருந்து மூன்று வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே அறை. நம் வீட்டு அறை இல்லை. காற்று வரும் திசையைக் காட்ட ஜன்னலில் ஒரு சின்ன அம்பு. அது அவர் வழக்கம். ஆனால் கட்டிலும் இருக்கிறது. "கட்டில் போடுறது வீட்டுக்காரங்க பாடு" என்று ஒருநாளும் கட்டில் வரையாதவர். தலைமாடு ஜன்னல் பக்கம்.

முதல் படத்தில், வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி. நீ கிளம்பிய அன்று, "உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அவர் சொன்னது நினைவிருக்கும். இரண்டாவது படத்தில் நாற்காலி வாசலுக்கு உள்ளே. நேற்று வந்ததில், கட்டிலுக்குப் பக்கத்தில்.

அறையின் நீளம் பதினொன்றே முக்கால் அடி என்று போட்டிருக்கிறது. அளந்து பார்.

பதிப்புகளின் பட்டியலை எழுதிக் கொடுக்கப்போவது நான். அந்தப் பதிப்பை வைப்பதா, விடுவதா? உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, எடுத்துவிடுகிறேன். நான் கோபப்பட மாட்டேன். அவரும் பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதுவரை, கட்டில் பக்கத்தில் நாற்காலி ஏதாவது கிடந்தால், அக்கா, அதை நகர்த்தாதே.

உன்
தம்பி