பூதத்தை விரட்டிய கூறைச் சேலை

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இன்று காலை முதல் வேலையாக என் கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பதறாதீர்கள், மறுகலியாணம் இல்லை. நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் சீனப் புத்தாண்டு. சிவப்பையும் சத்தத்தையும் கண்டு ஓடும் பூதத்தின் கதை சொன்னேன். பத்துப் பிள்ளைகள் சேலைக்குள் புகுந்து, சட்டி தட்டி, பூதத்தை விரட்டினார்கள்.

நான்கு வயது நிலாணி மூக்கைப் பொத்தினாள். “மிஸ், பூதம் சிவப்புக்கு ஓடேல்லை, உந்த மணத்துக்குத்தான் ஓடினது!”

அவர் திரும்பி வருவார் என்று எட்டு வருடம் கற்பூர உருண்டையோடு மடித்து வைத்த சேலை அல்லவா! கரை கிழிந்துவிட்டது. எல்லாரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

யாராவது இங்கே வந்தால் வேப்பம்பூ வடகம் கொடுத்துவிடுங்கள். ஒருத்திக்குச் சின்னப் பொதி போதும்.

பஸ் வருகிறது. விவாகரத்துப் பத்திரத்தில் திங்கட்கிழமை கையெழுத்திடப் போகிறேன் அம்மா. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

ரதி