பை இல்லாத நெஞ்சு

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்லயும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க சௌக்கியம்னு எழுதக் கை வர மாட்டேங்குது சாமி, எல்லாரும் உசுரோட இருக்கோம், அத மட்டும் எழுதிக்கிறேன். போன்ல சொல்லலாம், ஆனா பக்கத்துல உன்ற அம்மா இருக்கா, அவள வச்சுக்கிட்டு இதச் சொல்ல முடியாது. அதனால காயிதத்துல எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்பறேன்.

உன்ற தம்பி ஜீவாவோட குழந்தை சேலத்து ஆஸ்பத்திரியிலதான் இருக்குது, இன்னியோட பத்தொம்பது நாள். ஏழு மாசத்துலயே பொறந்தது, ஆயிரத்து நூறு கிராம், இப்பத்தான் தொண்ணூறு கிராம் கூடியிருக்குது. மருமக பிரீத்திக்கு ரத்தக்கொதிப்பு ஏறி ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, தையல் போட்ட எடம் சீழ் புடிச்சு அவ இன்னும் நிமிந்து உக்கார முடியல. உன்ற அம்மாளுக்கு முதுகுல அக்கி, குழந்தை கிட்டயே விட மாட்டேங்கறாங்க. மிச்சம் நான் ஒருத்தன்தான். சட்டையக் கழட்டச் சொல்லி, குழந்தைய வெறும் நெஞ்சுல கவுத்து வச்சுத் துணியால கட்டி விட்டுடறாங்க, அசையாம சாஞ்சு உக்காரணும். கங்காரு முறைன்னு பேரு, உனக்குச் சொல்லவே வேண்டாம். முதல் நாள் கூச்சப்பட்டுப் பனியனோட உக்காந்துட்டேன், நர்சம்மா பாத்துட்டு, ஏனுங்க தாத்தா, சூடு குழந்தைக்கா பனியனுக்கான்னு கேட்டாங்க. இடுப்பு கழண்டு போகுது அம்மிணி. நெஞ்சு மேல எடையே தெரியல, அதுதான் பயமா இருக்குது, மூச்சு விடுதான்னு நிமிசத்துக்கு ஒருக்கா குனிஞ்சு பாக்கறேன்.

உக்காந்த எடத்துல, நீ வேலை பாக்கற மிருகக் காப்பகத்துக் கங்காருக் குட்டிகளப் பத்தி நீ சொன்னதத்தான் நெனைச்சுக்கறேன். வயித்துல ஒரு மாசந்தான் இருக்கும், மொச்சைக்கொட்டை அளவுல கண்ணு காது உருவாகாம பொறக்கும், ஆனா வாயும் முன்னங்காலும் மட்டும் பலமா இருக்கும், தானா ரோமத்தப் புடிச்சு ஏறிப் பைக்குள்ள போயிக் காம்பக் கவ்விக்கும், நஞ்சுக்கொடி செய்யற வேலைய அதுக்கப்புறம் பாலே செய்யும்னு சொன்னே. நம்மூட்டு எருமை பத்து மாசம் சுமக்குது, கன்னு விழுந்து ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு மடியத் தேடுது. ரெண்டுக்கும் ஒரு ஏற்பாடு இருக்குது. நம்ம குழந்தைக்குத்தான் ரெண்டும் இல்ல. வெளிய வரத் தயாராகாத ஒடம்பு, சப்பக்கூடத் தெரியல, குழாயில பால் விடறாங்க. ஏறி வரக் கையில பலமில்ல, நாமதான் எடுத்து வச்சுக்கணும்.

டாக்டரம்மா இன்னும் மணி நேரத்தக் கூட்டணும், அப்பனை வரச் சொல்லுங்கன்னு தெனமும் கேக்கறாங்க. நேத்து அசதியில எனக்குக் கண்ணு சொருகிருச்சு, கட்டு நழுவி குழந்தை ஜில்லுன்னு ஆயிருச்சு, மறுபடி கண்ணாடிப் பொட்டியில வச்சாங்க. என்னால ஆகல சாமி. ஜீவா சத்தீஸ்கர்ல ஆழ்குழாய்க் கிணறு போடற ரிக் வண்டியோட இருக்கறான், ரெண்டு தடவை கூப்பிட்டேன். பொழைக்கட்டும்ப்பா அப்புறம் வாரேன், இப்ப பாத்துப் பாசம் வச்சுட்டா என்னால தாங்க முடியாதுங்கறான். திட்ட வாயெடுத்தவன் போன வச்சுட்டேன்.

ஏன்னா நீயும் எட்டு மாசத்துல பொறந்தவதான். அப்ப நான் ஆந்திராவுல ரிக்ல இருந்தேன், சேதி வந்துச்சு, நானும் இதே வார்த்தையத்தான் சொல்லி அனுப்புனேன். நீ பொழைச்சுட்டேன்னு உறுதியான பொறகு, அம்பது நாள் கழிச்சு, கவுனும் மிட்டாயும் வாங்கிட்டு வந்தேன். வேலையில விடலைன்னு ஊர்ல சொன்னேன், உன்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சேன். அது பொய். பயந்துக்கிட்டு வரல.

குளிருக்குக் காதை மூடிக்க, நேரத்துக்குச் சாப்பிடு. திருச்செங்கோட்டு மலையில இருக்கறவரு உங்க ரெண்டு பேரையும் நல்லா வச்சிருக்கட்டும். மறக்காம இன்னிக்கே ஜீவாவக் கூப்பிட்டு வரச் சொல்லிப் பேசு, நான் அன்னிக்கு வராததயும் மறைக்காமச் சொல்லு. அப்பன் எட்டிப் பாக்காத குழந்தைக்காகப் பேசற பாத்தியதை நம்ம குடும்பத்துல உனக்கு மட்டுந்தான் இருக்குது.

உன்ற அப்பா,
சென்னிமலை