குருவிகளுக்கு விளக்கை அணைக்கும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். சாப்பிடுகிறேன், நம்பு.

நேற்று ஆய்வகத்தில் ஒரு கூத்து. பகல் நீண்டால் குருவியின் உடம்பில் ஹார்மோன் சுரக்கும், அது பாடும், கூடு கட்டும் என்று சொல்லியிருக்கிறேனே. என் ஆண் குருவிகளுக்கு மாதக்கணக்கில் பதினாறு மணி நேர வெளிச்சம். முதலில் பாடின, இப்போது வாயே திறப்பதில்லை. பதறிப்போய் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டினேன். கூண்டுகளைக் கவனிக்கும் அக்கா சிரித்துவிட்டார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? அதுங்களுக்கு வெளிச்சம் சலிச்சுப் போச்சும்மா. கொஞ்ச நாள் சீக்கிரமா விளக்கை அணை. அப்புறம் பாரு, எல்லாத்துக்கும் மாப்பிள்ளைக் களை வந்துடும்!"

உண்மைதான். ஒரு பருவம் முடிந்த உடம்பு எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் கேட்காது. சில வாரங்கள் குறுகிய பகலில் இருந்தால்தான் மறுபடி கேட்கும். படித்ததுதான், அவசரத்தில் மறந்திருந்தேன்.

அறைக்கு வந்து நீ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். நல்ல முகம். என் நிச்சயதார்த்தம் முறிந்த ஐந்து மாதத்தில் நீ அனுப்பும் மூன்றாவது நல்ல முகம். உட்காரவே முடியவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

என் கருநீலப் போர்வையை அனுப்புகிறாயா? இங்கே ஜன்னலுக்குத் திரை இல்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை அம்மா. கொஞ்ச நாள் இருட்டு வேண்டும், அவ்வளவுதான்.

மணி நான்கு. குருவிகளுக்கு விளக்கை அணைக்க ஓடுகிறேன்.

உன் மகள்