பழக்கடையில் ஒரு சத்தியம்

தென்காசி,
வெள்ளிக்கிழமை

தம்பிக்கு,

லண்டனில் அந்த மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று நீ சத்தியம் செய்தபோது, அதுவரை இந்த நாட்டின் மேல் உனக்கு இருந்த விசுவாசம் எங்கே போனது? எனக்குத் தெரியவில்லை. குற்றமாகவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்காகச் செய்தாய். படம் அனுப்பினாய், நானும் வாழ்த்தினேன்.

ஆனால் நேற்று போனில் என்ன சொன்னாய்? "குற்றாலத்துக் கடைய அந்த பாய்க்குத் திரும்ப வாடகைக்கு எழுதிக் குடுக்கணும்னா, நாட்டுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் வாங்குக்கா. மாட்டேன்னா காலி பண்ணச் சொல்லு."

ஹபீபுல்லா நல்லவர் என்று உனக்கு நான் சான்று எழுதித் தரப்போவதில்லை. இருபது வருடமாக நம் கடையில் மங்குஸ்தான் விற்கிறார், வாடகை தருகிறார். அதற்கு மேல் அவரிடம் கேட்க நாம் யார்? அதிலும் நீ யார்?

நீ எழுதித் தந்த பவர் என்னிடம்தான் இருக்கிறது. நாளை வாடகைப் பத்திரத்தில் உனக்காக நானே கையெழுத்துப் போடுவேன். அவரிடம் எதையும் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை

தபாலில் சேர்க்கும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று கடைக்குப் போய்ப் பத்திரத்தை நீட்டினேன். ஹபீபுல்லா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி எனக்கும் போன் போட்டுட்டாவ, டீச்சர். சீசன் நேரத்துல கடைய விட முடியுமா? சொல்லிருதேன்."

வேண்டாம் என்றேன். பழம் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்து உறுதிமொழியை நிமிர்ந்து நின்று முழுதாகச் சொன்னார். இந்தியர் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று வரும் இடத்தில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உன் அக்கா