புள்ளி இல்லாத படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை தானாகப் போயிற்று, பாதியில் அடித்துவிட்டேன், மேலே அந்தக் கிறுக்கலைப் பார்த்திருப்பாய். போனிலேயே சொல்லலாமே என்பாய். இரண்டு அறை வீட்டில் நான் எங்கே போய்ப் பேசுவது, அப்பாவுக்குப் பாம்புக் காது, குளியலறைக்குள் குசுகுசுத்தால் வெளியே வந்ததும் அதற்குப் பதில் சொல்கிறார். மணி பார்க்கிற சாக்கில் என் போனையும் எடுத்து, யாரிடம் எப்போது பேசினேன் என்று பார்த்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். நான் வேலை செய்யும் தையல் கடையில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பட்டன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன், கதவு சத்தம் கேட்டால் திக்கென்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வலது கை நடுங்குகிறது. அவர் மறைக்கிறார். எனக்கு அது தெரிந்ததே நீ விட்டுவிட்டுப் போன கேமராவால்தான்.

நீதானே கேட்டாய், அப்பா வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் முன்பக்கத்துக்கு அவரே வெட்டிப் பொருத்திய அந்தப் பெரிய கண்ணாடியின் முன்னால் அவரை நிறுத்தி, இரவில் விளக்கு போட்டதும் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று. கேட்டுவிட்டு நீ நிம்மதியாக இருந்தாய், அவதி எனக்கு. கடைக்குள் வெளிச்சத்தைச் சரியாகப் பிடித்தால் வெளியே அப்பா கரிக்கட்டையாக நிற்கிறார், அப்பா முகம் தெரிகிற மாதிரி எடுத்தால் கடை தீப்பிடித்தது போல வெளிறிப் போகிறது. அதற்குத்தான் எச்.டி.ஆர்., இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று எடுத்து ஒன்றாக்கு என்றாய். கையில் பிடித்தபடியே எடுத்தேன். முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி, மணலை வாரி இறைத்தது போல. கண்ணாடியில்தான் தூசி என்று அப்பாவை இரண்டு தடவை துடைக்கவிட்டேன், தான் பொருத்திய கண்ணாடியைக் குறை சொன்னதற்கு மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு நீ கேட்டபோதுதான் தெரிந்தது, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்கிற அந்த ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்து நானூறில் வைத்திருக்கிறேன், நம்பர் கூடினால் புள்ளியும் கூடுமாம். நூலுக்கு நம்பர் கூடக் கூட மெல்லிசாக, நயமாக இருக்கும், கேமராவுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், இதற்கு நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. சரி, கணினியிலேயே புள்ளியைத் துடைக்கலாம் என்று அதற்கென்று திரையில் இருக்கும் பட்டையைக் கடைசிவரை இழுத்தால் அப்பா மெழுகு பொம்மை ஆகிவிட்டார், மீசை ஒரே பூச்சாகப் போயிற்று.

அப்புறம் நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஐ.எஸ்.ஓ. நூறு. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, அது காற்றில் ஆடாமல் இருக்க இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக் கீழே தொங்கவிட்டேன். விரல் பட்டு அசையக்கூடாது என்று டைமர். இருட்டான இடத்தை அப்புறம் கணினியில் தூக்கினால் புள்ளியும் கூடவே எழும், அதனால் வெளிச்சப் படத்திலேயே வேண்டிய ஒளியைப் பிடித்துவிடு, லென்ஸை எட்டு விநாடி திறந்து வை என்றாய் பார், அதுதான் பலித்தது. புள்ளி போன இடம் தெரியவில்லை. பலகை எழுத்து, நடைபாதைக் கல்லின் விரிசல், அப்பா சட்டையில் நான் வேறு நிற நூலில் தைத்த மூன்றாவது பட்டன், எல்லாம் பளிச்சென்று வந்தது. தொங்கவிட்ட வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கி, ஏழெட்டு விரல் முளைத்தது போல. எட்டு விநாடி ஒழுங்காக நிற்க முடியாதா என்று எனக்குக் கோபம். மறுநாளும் அப்படியே. பசிக்குது, அதான் என்றார். மூன்றாம் நாள் கொசு கடிக்குதாம். மூன்று நாளும் நடுத்தெருவில் நின்று கத்தினேன், சின்னப் பிள்ளையா நீங்க, அசையாம நில்லுங்களேன் என்று. அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், பேசாமல் வாங்கிக்கொள்கிற ஆளா அவர்?

நான்காம் நாள் படம் ஒருவழியாகத் தேறியது. ஆனாலும் அந்த மூன்று நாள் கலங்கல் கேமராவின் கோளாறோ என்று மறுநாள் அவர் நின்ற இடத்தில் நானே போய்க் கையைத் தொங்கவிட்டு நின்று எடுத்துப் பார்த்தேன். என் கை, வளையல் உட்பட, அச்சடித்த மாதிரி வந்தது. கோளாறு கேமராவில் இல்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, இந்த மாதம் மூன்று கண்ணாடி கோட்டை விட்டு விலகி உடைந்தது, கண்ணாடியைக் கீறுகிற கட்டர் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கியது, டப்பா மூடி கிழித்தது என்று சொன்ன கட்டைவிரல் கட்டு, டீயை இடது கையில் வாங்குவது. கணினியில் என் கை வந்த படத்தையும் அவர் கை வந்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. முதல்ல எடுத்த புள்ளிப் படத்தையே அனுப்பிடு, அதுல ஒண்ணும் தெரியல என்றார். எத்தனை நாளா என்று கேட்டேன். பெரிய கண்ணாடி மாட்டுறதுக்கு முன்னாடியிருந்தே என்றார். அந்தக் கையோடு அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்கியிருக்கிறார். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், பாப்பாகிட்ட சொல்லாத, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடும் என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார். எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவர் வீடு திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன், கடைத் தெருப் பக்கம் ஏதாவது உடைகிற சத்தம் கேட்டால் உயிர் போய் வருகிறது.

அடுத்த மாதம் முதல் புதன்கிழமை பதினோரு மணிக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் வரமாட்டார், நீ சொன்னால் முனகிக்கொண்டே வருவார். ஓடி வராதே, போன் மட்டும் செய். அம்மா சொன்னாள் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதே, படத்தில் நானே பார்த்தேன் என்று சொல், அது பொய்யும் ஆகாது. உறையில் புள்ளிப் படத்தை அவரே வைத்து ஒட்டித் தந்தார், நான் ஆவி காட்டிப் பிரித்து நான்காம் நாள் படத்தை மாற்றி வைத்திருக்கிறேன், அது தெரிந்து அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும். நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு, என் ஆயுளிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். புதன்கிழமையை மறந்துவிடாதே. படத்தில் முதலில் அப்பா முகத்தைப் பார், நன்றாகச் சிரிக்கிறார். அன்றைக்கு வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார், கை கலங்காமல் வந்ததே என்ற சந்தோஷத்தில், இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம்ல என்று அதற்கும் ஒரு வசவு விட்டேன். இப்போது அந்தப் பையின் ஓரத்தைப் பார், தையல் நேராகத்தான் போட்டிருக்கிறேன், அதுவும் கலங்கித்தான் இருக்கிறது.

உன் வரவுக்கு அல்ல, உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா