உன் பெயரில் மாப்பிள்ளை ஆடிய ஆட்டம்

சத்துவாச்சாரி
14.9.2008

அன்பு மகள் ஜெனிஃபாவுக்கு மம்மி எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீ சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, கேட்டால் உன்னிடமிருந்து பொய்தான் வரும்.

நீ டொராண்டோ போனதிலிருந்து கம்ப்யூட்டரில் நாம் ஆடும் வார்த்தை விளையாட்டுதான் எனக்கு உன் முகம். தினமும் ஒரு வார்த்தை வைப்பாய், அடியில் என்ன சமைத்தாய் என்று ஒரு வரி எழுதுவாய். இப்போது பத்து நாளாக வெறும் மூன்றெழுத்து வார்த்தைகள், வரியே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு 'வேலை ஜாஸ்தி அம்மா' என்று பதில். பேச்சு வந்த நாளிலிருந்து மம்மி என்று கூப்பிட்டவள் திடீரென்று அம்மா என்பாளா? நேற்று போன் போட்டேன். மாப்பிள்ளை ஜெஃப்ரி கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, 'அத்தை, ஜெனிக்கு கர்ப்பப்பைல கட்டி, ஆபரேஷன் ஆய்டுச்சு, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, ஆட்டம் நின்னா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நான்தான் ஆடினேன்' என்று அழுதுவிட்டார்.

முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக வார்டில் ஊரார் பெண்களுக்கெல்லாம் கட்டுப் பிரித்துக் கட்டியவள் நான். என் பெண் தையல் போட்ட வயிற்றோடு படுத்துக் கிடக்கிறாள், நான் உன்னை நூற்றுப்பன்னிரண்டு புள்ளி முந்திவிட்டேன் என்று பக்கத்து வீட்டு அக்தரி பேகத்திடம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த வெட்கம் போகவில்லை ஜெனி. யாரோடு ஆடுகிறோம் என்றுகூடத் தெரியாத முட்டாளாக்கிவிட்டாய். அதோடு விட்டாயா, ஜெஃப்ரியிடமிருந்து போனை வாங்கி, 'அப்பாவுக்கு அட்டாக் வந்தப்ப மூணு வாரம் கழிச்சுத்தானே எனக்குச் சொன்னீங்க' என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ கேட்டது நியாயம்தான், நியாயமாக இருப்பதால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது.

சரி, நானே முதலில் சொல்கிறேன். அப்பாவுக்குப் போன வாரம் சர்க்கரை முன்னூறு. கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறவில்லை, நான்தான் தினமும் கட்டுகிறேன். விரலை எடுக்க வேண்டியிருக்குமா என்று மாதக் கடைசியில் சொல்வார்களாம். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் என்னிடமும் சத்தியம் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு வாளி தூக்காதே, குனிந்து பெருக்காதே. தையலில் நீர் கசிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டு. ஜெஃப்ரியைத் திட்டாதே, திட்ட வேண்டியதை நான் திட்டிவிட்டேன். அந்த ஆட்டத்தைப் பாதியிலேயே முடித்துவிட்டேன், உட்கார முடிந்ததும் நீ புதிதாகத் தொடங்கு. கர்த்தர் உன் உடம்பைத் தேற்றி உன்னைக் காப்பாராக. கடிதம் கிடைத்ததும் போன் செய், உன் குரலில் பேசு. நீ எதைக் கேட்டாலும் மறைக்க மாட்டேன், நீயும் மறைக்காதே.

இன்னும் கோபம் தீராத
உன் மம்மி,
சாரா வில்சன்