வாசலோரப் பாய்

மாரண்டஹள்ளி
12-3-1968

என் கண்ணு,

நீ வூட்டை விட்டுப் போய் ஒன்பது மாசம் ஆயிடுச்சு. பிள்ளை இந்நேரம் குப்புற விழுந்திருக்குமான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கும் தெரியணும்.

கல்யாணத்துக்கு முன்னாடி நீ பிள்ளை உண்டானதுக்காக, சபைக்கு முன்னால நீ வாசிக்க நான் எழுதிக் கொடுத்த பாவ அறிக்கை என் வேதாகமத்துக்குள்ளேயே கிடக்குது. அதை வாசிக்கிற வரைக்கும் உனக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது, வாசலோரப் பாய்லதான் உட்காரணும்னு சொன்ன உபதேசியார் நான்தானே. கிருபை இலவசம்னு இருபது வருஷம் பிரசங்கம் பண்ணினவன், பெத்த மகள்கிட்ட மட்டும் விலை கேட்டுட்டேன்.

போன ஞாயிறு அந்தத் தாளைப் பிரிச்சேன். 'என் இருதயம் கேடுள்ளது, என் சுயசித்தத்தால் விழுந்தேன்'னு இருந்துச்சு. உன் பேரை அடிச்சு என் பேரை எழுதி, சபைக்கு முன்னால நானே வாசிச்சேன். அப்புறம் உன் பாய்ல போய் உட்கார்ந்தேன்.

போதகர் அப்பத்தட்டோட வாசல் வரைக்கும் நடந்து வந்தார். நான் கை நீட்டலை, கண்ணு. மூடியிருந்த கையை அவரே பிரிச்சு, அப்பத்தை வெச்சார்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா. நீ எதையும் வாசிக்க வேண்டாம். பாயைச் சுருட்டி வெச்சுட்டேன்.

வழி பார்த்திருக்கும்,
அப்பா